சித்தப்பா வீட்டு சிஸ்டமும் நானூற்றுச் சொச்சம் வைரஸும்

"ஏலே, இந்தப் பொட்டி என்னமோ இங்கிலீஷ்ல கத்துதுலே. நிப்பாட்டவே முடியல."

அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தப்பா போன் செய்தபோது இரவு ஒன்பதரை மணி. அந்தச் சத்தம் போனில் எனக்கே கேட்டது. ஒரு பெண் குரல், எச்சரிக்கை எச்சரிக்கை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் சித்தி, "ப்ளக்கப் பிடுங்குங்க, ப்ளக்கப் பிடுங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தி சொன்னதில் பாதி சரி. பிடுங்க வேண்டியது நெட் வயரை, கரண்ட் வயரை அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டை நிறுத்தினால் வைரஸ் செய்யாத சேதத்தை நாமே செய்துவிடுவோம். வைஃபை என்றால் மோடத்தை அணைத்துவிடலாம்.

நான் திருநெல்வேலியில் ஒரு பொறியியல் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். சொந்தத்தில் யார் வீட்டில் சிஸ்டம் படுத்தாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படிப் பார்த்ததிலேயே மோசமானது சித்தப்பாவுடையது. உங்களுக்கும் ஒரு சித்தப்பா இருப்பார், அவரிடமும் 2010-ல் வாங்கிய ஒரு அசெம்பிள்டு பெட்டி இருக்கும் என்று நினைத்து, நான் செய்ததை, தப்பாகச் செய்ததையும் சேர்த்து, எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தக் கத்தல். பெரும்பாலும் அது வைரஸே கிடையாது. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு இணையப் பக்கம், அவ்வளவுதான். கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டால் 'சரிசெய்து தருகிறேன்' என்று சொல்லி, ரிமோட்டில் உள்ளே வரும் மென்பொருள் ஒன்றை நம் கையாலேயே போட வைப்பான். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடலாம். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதை நிறுத்தியதும் சித்தப்பாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "அந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேம்லா. எவனோ இந்தியில பேசுனான். எனக்கு எங்க இந்தி தெரியும்? வச்சுட்டேன்."

இந்தி தெரியாதது ஒருவருக்குப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். உங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்டு, ரிமோட்டில் விட்டு, ஓடிபியும் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை அப்படியே வைத்துவிட்டு வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்குங்கள். அடுத்த போன் 1930-க்கு. இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண் அது. சிஸ்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். பையில் இருந்தவை: ஆய்வகத்தின் சுத்தமான கணினியில் தயார் செய்த இரண்டு பென் டிரைவ் (ஒன்றில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட், இன்னொன்றில் வெளியிலிருந்தே வைரஸ் தேடும் காஸ்பர்ஸ்கை ரெஸ்க்யூ டிஸ்க்), காலியான ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், ஸ்க்ரூ டிரைவர், பெயிண்ட் பிரஷ், சிஆர் 2032 வட்டப் பேட்டரி ஒன்று, பள்ளிக்கூடத்து அழிரப்பர் ஒன்று. நம்முடைய சொந்தக் கோப்புகள் உள்ள பென் டிரைவை இந்த மாதிரி வீட்டுக்கு எடுத்துப்போகவே கூடாது. செருகிய மறுநொடி அதுவும் நோயாளிதான்.

போனவுடன் சிஸ்டத்தைத் தொடாதீர்கள். காபியைக் குடித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தப் பெட்டியில் எது போனால் அழுவீர்கள்? ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சித்தி யோசிக்கவே இல்லை. பேத்தி காதுகுத்துப் போட்டோ. சித்தப்பாவுக்கு அம்மன் கோயில் கொடை (எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு அதுதான் பெயர்) வரிக் கணக்கு. எந்த வீடு எவ்வளவு கொடுத்தது, யார் பாக்கி என்று 2011-லிருந்து எக்ஸெலில் ஏற்றி வைத்திருக்கிறார். அதில் ஒரு வருடம் போனால் ஊரில் பஞ்சாயத்தே நடக்கும். தங்கச்சியைக் கேட்டால், போட்டித்தேர்வுக் குறிப்புகள் எல்லாம் டெலிகிராமில் இருக்கிறதாம், இதில் ஒன்றும் வேண்டாமாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள்: இந்தப் பெட்டியில் எந்தெந்தப் பாஸ்வேர்டு அடித்திருக்கிறீர்கள்? சித்தப்பா ஜிமெயில் பார்ப்பார், இபி பில் கட்டுவார். கார்டு நம்பர் பிரவுசரிலேயே சேமித்துக் கிடந்தது.

இதெல்லாம் ஆன பிறகு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசசர் விசிறிக்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசு பஞ்சுமெத்தை மாதிரி படிந்திருந்தது. எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் தரும் டப்பா) பக்கம் இரண்டு பல்லி முட்டை ஓடு. சிஸ்டம் ஸ்லோ என்று சித்தப்பா புலம்பியதில் பாதிக் காரணம் இந்தத் தூசுதான். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷால் தட்டிவிட்டு, ரேம் குச்சியைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போட்டேன். கடைக்காரர்கள் செய்யும் வித்தைதான், பலிக்கும்.

அப்புறம் அந்த வட்டப் பேட்டரி. சிஸ்டத்தைப் போட்டதும் தேதி 01-01-2009 என்று காட்டியது. பெட்டி பிறப்பதற்கு முந்தைய தேதி! மதர்போர்டில் இருக்கும் பேட்டரி செத்துவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி இப்படி ஆரம்பத்துக்கே போய்விடும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதி நோய்க்கு வாசல் இதுதான். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, காலாவதித் தேதி இரண்டும் உண்டு. பெட்டி 2009-ல் வாழ்ந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். எந்தத் தளத்துக்குப் போனாலும் பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கும். சித்தப்பா தேதியை மாற்றவில்லை. எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார். பொய் எச்சரிக்கை நூறு பார்த்தவருக்கு உண்மையான எச்சரிக்கை வரும்போது அதுவும் நூற்றியொன்றுதான். ஆன்டிவைரஸும் இதே காரணத்தால் அப்டேட் ஆகாமல் கிடந்தது. முப்பது நாற்பது ரூபாய்ப் பேட்டரி. மாற்றிவிட்டு பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்தேன்.

அடுத்தது, அவசரப்பட்டு ஸ்கேன் போடாதீர்கள். வயதான ஹார்ட் டிஸ்கை ஆறு மணி நேரம் விடாமல் படிக்க வைப்பது வயதானவரை மலையேற வைப்பது மாதிரி. பாதியில் படுத்துவிடலாம். முதலில் பென் டிரைவில் இருக்கும் லினக்ஸில் பூட் செய்யுங்கள், அதாவது ஹார்ட் டிஸ்கை விட்டுவிட்டுப் பென் டிரைவிலிருந்தே சிஸ்டத்தைத் தொடங்குங்கள். சிஸ்டத்தைப் போட்டவுடன் எஃப் 8, எஃப் 11, எஃப் 12 ஏதாவது ஒன்றை அழுத்தினால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கும். போர்டுக்குப் போர்டு விசை மாறும், தட்டிப் பார்க்க வேண்டியதுதான். 'நிறுவாமல் முயன்று பார்' என்ற நிலையிலேயே எல்லா வேலையும் நடக்கும். அதில் டிஸ்க்ஸ் என்றொரு செயலி இருக்கிறது. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும். மாற்றப்பட்ட செக்டர்கள் (கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கிவிட்ட துண்டுகள்) என்ற வரியில் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. சித்தப்பாவுடையதில் நாற்பதைத் தாண்டியிருந்தது. டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் காப்பி எடுப்பதில் ஒரு வரிசை வேண்டும். சின்னதும் உயிருமானது முதலில். கொடைக் கணக்கு எல்லாம் சேர்த்து இரண்டு எம்பிகூட வராது. அதை எடுத்தபின்தான் நாற்பத்தெட்டு ஜிபி போட்டோவுக்குப் போனேன். அந்தப் போட்டோவுக்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

லினக்ஸில் செய்வதில் ஒரு பெரிய வசதி. விண்டோஸ் ஓடவில்லை, ஆகவே வைரஸும் ஓடவில்லை. பிணம் மாதிரி படுத்திருக்கும். விண்டோஸில் மறைந்து கிடக்கும் கோப்புகள் இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும். சித்தியின் பென் டிரைவைச் செருகியதும் இதைக் கண்ணால் பார்த்தேன். விண்டோஸில் திறந்தால் 'காதுகுத்து', 'கொடை 2016', 'பழனி' என்று ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி. அந்த அம்புக்குறி இருந்தால் அது ஃபோல்டர் கிடையாது, ஷார்ட்கட். அதை இரண்டு தட்டு தட்டினால் பின்னால் ஒரு ஸ்கிரிப்டை (சின்ன நிரல்) ஓடவிட்டு, அப்புறம் நிஜமான ஃபோல்டரையும் திறந்து காட்டும். தட்டியவருக்குச் சந்தேகமே வராது. நிஜ ஃபோல்டர்களை எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் போட்டு மறைத்திருந்தது. ஒரு வெற்றிடம்தான் அதற்குப் பெயர். லினக்ஸில் அது தெரிந்தது, திறந்தது, எல்லாப் போட்டோவும் பத்திரமாக இருந்தன. 'போட்டோ எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு' என்று யாராவது சொல்லிப் பென் டிரைவை ஃபார்மட் அடிக்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இந்த ஷார்ட்கட் வித்தைக்கு உறவுமுறையான பழைய வைரஸ் ஒன்றும் இருந்தது: ஃபோல்டர் படம் போட்டுக்கொண்ட இஎக்ஸ்இ (தட்டினால் ஓடும் நிரல்) கோப்பு. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே ஃபோல்டரின் பெயரில் ஒன்று உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். எல்லாம் ஒரே அளவு, ஒரு கேபிகூடக் கூடக் குறைய இருக்காது.

எதை எடுக்கலாம்? போட்டோ, வீடியோ, பாட்டு, வேர்டு, எக்ஸெல், பிடிஎஃப். பிரவுசரின் புக்மார்க். எதை எடுக்கவே கூடாது? இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், பேட், எல்என்கே என்று முடியும் எதையும். 'இந்த சாஃப்ட்வேர் சிடி கிடைக்காதுலே' என்று சித்தப்பா ஒரு ஃபோல்டரைக் காட்டினார். உள்ளே லைசென்ஸை உடைக்கும் கிராக் கோப்பு. நோய் வந்த வழிகளில் அதுவும் ஒன்று, விட்டுவிட்டேன்.

நம்மவர்கள் எல்லோரும் மறக்கும் ஒன்று ஃபான்ட். சித்தப்பாவின் கணக்கு முழுவதும் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் தரும் பாமினி ஃபான்டில் அடித்தது. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அய்யாத்துரை, பேச்சியம்மாள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரிவார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அதில் உள்ள தமிழ் ஃபான்ட் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள்.

எடுத்து முடித்ததும் எக்ஸ்டெர்னல் டிஸ்கில் இருக்கும் காப்பியிலிருந்து பத்துப் பதினைந்தைத் திறந்து பாருங்கள், மூலத்திலிருந்து அல்ல. காப்பி ஆகிவிட்டது என்று திரை சொல்வதை நான் நம்புவதில்லை. திறக்கும்போது போட்டோவெல்லாம் திறக்காமல், பெயருக்குப் பின்னால் விநோதமான நாலைந்து எழுத்துகள் ஒட்டியிருந்து, பணம் கேட்டு ஒரு கடிதமும் இருந்தால் அது ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வைரஸ். அப்போது எதையும் அழிக்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்று கிடைக்காவிட்டாலும் பூட்டிய கோப்புகளை வைத்திருந்தால் பின்னால் கிடைக்க வாய்ப்பு உண்டு. நல்லவேளை, சித்தப்பாவுக்கு இது வரவில்லை.

இத்தோடு உயிர் போகும் வேலை முடிந்தது. இனி சுத்தம் செய்வதா, அழித்துவிட்டு புதிதாகப் போடுவதா என்ற கேள்வி.

என் கருத்து எப்போதும் ஒன்றுதான். இவ்வளவு கெட்டுப்போன, இவ்வளவு பழைய சிஸ்டத்தைச் சுத்தம் செய்து பிரயோஜனமில்லை. பெட்டியில் இருந்தது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசர் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. சித்தப்பாவின் பெட்டிக்கோ இந்தத் தேதிகள் கணக்கே இல்லை. விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர், 'இது ஒரிஜினல் இல்லை' என்ற செய்தி வரக்கூடாது என்பதற்காக முதல் நாளே அப்டேட்டை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியதே, அதை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். சித்தப்பா வீட்டுப் பெட்டியில் அந்த அப்டேட் அன்றுவரை இல்லை. கதவே இல்லாத வீட்டைக் கழுவி விடுவானேன்?

ஆனால் அடுத்த வாரம் கொடை. ரசீது பிரிண்ட் எடுத்தாக வேண்டும். "கொடை முடியட்டும்லே, அப்புறம் என்ன வேணா பண்ணு" என்றார். சரி என்று தற்காலிகமாகச் சுத்தம் செய்யத் தலையாட்டினேன். இதுதான் நான் செய்த தப்பு. இருந்தாலும் செய்முறையைச் சொல்கிறேன், உங்களுக்கும் இந்த நெருக்கடி வரலாம்.

முதலில் ரெஸ்க்யூ டிஸ்கில் பூட் செய்து வெளியிலிருந்தே ஸ்கேன். மூன்றரை மணி நேரம் ஓடி, நானூற்றுச் சொச்சம் என்று காட்டியது. அந்த எண்ணை வீட்டில் சத்தமாகப் படித்தேன். சித்தி பயந்து வெற்றிலையைத் துப்பிவிட்டார். படித்திருக்கவே கூடாது. ஒரே வைரஸின் இருநூறு பிரதி, விளம்பரக் குப்பை ஒன்றின் நூறு துண்டு என்று சேர்த்துத்தான் அந்த எண் வரும்.

அடுத்து விண்டோஸைச் சேஃப் மோடில் (அவசியமானதை மட்டும் ஓடவிடும் நிலை) எடுத்தேன். விண்டோஸ் 7 என்றால் தொடக்கத்தில் எஃப் 8. விண்டோஸ் 10 என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் நிறுவிய மென்பொருள் பட்டியலைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு இலவசப் பிடிஎஃப் மாற்றி வந்த அதே நாளில் அதன் கூட்டாளிகள் ஐந்து பேரும் வந்திறங்கியிருப்பது பளிச்சென்று தெரியும். இங்கே அந்த வித்தை பலிக்கவில்லை. செத்த பேட்டரியின் புண்ணியத்தில் பாதி மென்பொருள் 01-01-2009-ல் வந்ததாகச் சொன்னது. ஒவ்வொன்றாகப் பெயரைப் பார்த்துத்தான் நீக்கினேன். வேகத்தைக் கூட்டுகிறேன், டிரைவரைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது எதுவும் தேவையில்லை. ஆன்டிவைரஸ் மூன்று இருந்தது. ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு மூன்றுமே வேலை செய்யவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டேன்.

ஸ்கேனர் விட்டுவிடும் இடங்களைக் கையால் பார்க்க வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் மணிக்கொரு தடவை ஓடும் ஒரு வேலை இருந்தது. பெயர் என்னவோ 'அப்டேட்' என்று மரியாதையாக. ஓடவிடுவதோ ஆப் டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் கிடக்கும் அர்த்தமில்லாத பெயருள்ள ஒரு ஸ்கிரிப்டை. ஸ்கேனில் அழித்த கோப்பு மறுபடி முளைப்பது இந்த வழியாகத்தான். ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஸ்டார்ட்அப் பட்டியல் வரும். தெரியாததன் டிக்கை எடுத்துவிடுங்கள், அழிக்க வேண்டாம். தப்பாக எடுத்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் இருக்கும் பிரவுசர் ஐகானை வலது கிளிக் செய்து ப்ராபர்டீஸில் டார்கெட் என்ற வரியைப் பாருங்கள். இஎக்ஸ்இ என்பதோடு வரி முடிய வேண்டும். சித்தப்பாவுடையதில் அதற்குப் பின்னால் ஒரு தள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிரவுசரை எத்தனை தடவை மாற்றிப் போட்டும் அதே பக்கம் திறந்த மர்மம் அதுதான். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் லேன் செட்டிங்ஸுக்குள் நீங்கள் போடாத ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகச் சுற்றிவிடும் ஏற்பாடு) இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஹோஸ்ட்ஸ் கோப்பு. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம் 32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதற்குள் பார்க்க வேண்டும். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே 127.0.0.1 என்று எழுதிவைத்திருந்தது. அதாவது, மருத்துவமனைக்கு வழி கேட்டால் உன் வீட்டுக்கே திரும்பிப் போ என்று சொல்லும் ஏற்பாடு. தேதி சரியான பிறகும் அப்டேட் வராமல் இருந்தது இதனால்தான். அந்த வரிகளை நீக்கியதும் அப்டேட் வந்தது.

பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலைக் காலிசெய்து, எக்ஸ்டென்ஷன்களை எடுத்து, ரீசெட் கொடுத்தேன். கத்திய பக்கம் வந்தது அந்த அனுமதிப் பட்டியல் வழியாக. ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது, சித்தப்பாவும் ரோபோ இல்லை என்று நிரூபித்திருக்கிறார்.

ஞாயிறு இரவு பஸ் ஏறினேன். புதன்கிழமை போன். "மறுபடியும் வந்துருச்சுலே."

பிரிண்டரில் டோனர் தீர்ந்துவிட்டதாம். ரசீதைப் பென் டிரைவில் ஏற்றி ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடை சிஸ்டத்திலிருந்து புது ஷார்ட்கட்டுகள் குடியேறி வந்தன. விண்டோஸ் 7 பென் டிரைவைச் செருகியதும் தானாக எதையும் ஓடவிடாதுதான். ஆனால் 'கொடை ரசீது' என்று தன் கையால் பெயர் வைத்த ஃபோல்டரைத் தட்டாமல் யார் இருப்பார்? இப்போது அவருக்கு ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃபை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரருக்கும் அதுதான் வசதியாம்.

கொடை முடிந்த மறுநாளே போனேன். இந்தமுறை பேச்சுக்கே இடமில்லை. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) மாட்டினேன். செகண்ட் ஹேண்டில் ரேம் வாங்கி இரண்டு ஜிபியை நான்காக்கினேன். பிராசசர் பழைய பென்டியம் டூயல் கோர்தான், ஆனாலும் 64 பிட் ஓடும். விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் 22, அதிலும் கனம் குறைவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும். நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சிக்கல் வந்தது இரண்டே இடத்தில். ஒன்று பிரிண்டர். எச்பி லேசர்ஜெட் 1020, நம்ம ஊரில் பாதி அலுவலகத்தில் இருப்பது. ஒவ்வொரு முறை போடும்போதும் தன் மூளையைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ரகம் அது. ஆகவே லினக்ஸுக்கான எச்பியின் எச்பிலிப் மென்பொருளோடு அதன் ப்ளகின் என்ற துணைக்கோப்பையும் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், தாள் மட்டும் வராது.

இரண்டாவது பாமினி. ஃபான்டை நிறுவியதும் லிப்ரே ஆபீஸில் கணக்கு அழகாகத் திறந்தது. சித்தப்பா அதே விரல் பழக்கத்தில் அடிக்க, வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் வேறாகிப்போனது. லிப்ரே ஆபீஸ் அதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கித் 'திருத்தி'க்கொண்டிருந்தது. பாமினியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள் அல்லவா! டூல்ஸில் ஆட்டோகரெக்டைத் திறந்து பெரிய எழுத்து சம்பந்தப்பட்ட டிக் எல்லாவற்றையும் எடுத்ததும் சரியானது. "இப்பத்தாம்லே சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

பாஸ்வேர்டு மாற்றும் வேலையை மட்டும் முதல் நாளே போனில் முடித்திருந்தேன். கெட்டுப்போன சிஸ்டத்தில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டு அடிப்பது திருடன் முன்னால் சாவி செய்வது. முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். அப்புறம் வங்கி. பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுக்க வேண்டும். சில திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டோடு பிரவுசரின் குக்கியையும் எடுத்துக்கொண்டு போகும். அது இருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையலாம். பிரவுசரில் கிடந்த அந்தக் கார்டை வங்கியில் சொல்லி மாற்றிக்கொண்டோம்.

பழைய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் அடிக்கவில்லை. அடிக்கவும் கூடாது, ஆறு மாதமாவது. செய்தித்தாளில் சுற்றி, 'வைரஸ், விண்டோஸில் மாட்டாதே' என்று பேனாவில் எழுதி, சித்தியின் பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

ஆடி மாதம் போன் வந்தது. பட்டா வேலைக்கு 1998 கிரையப் பத்திரத்தின் ஸ்கேன் வேண்டுமாம். புது சிஸ்டத்தில் இல்லை. போய் டிஸ்கை எடுத்து, யூஎஸ்பி கேபிளில் மாட்டி மின்ட்டில் திறந்தேன். டி டிரைவில், 'நியூ ஃபோல்டர் (4)'-க்குள், 'ஸ்கேன் 0007' என்ற பெயரில் இருந்தது. இரண்டு தடவை திணறி மூன்றாவது தடவைதான் படித்தது.

"அதத்தாம்லே அன்னைக்கே எடுக்கச் சொன்னேன்" என்றார் சித்தப்பா.

அந்தத் தாள் இன்னும் என் பையில்தான் இருந்தது. எடுத்து விரித்துக் காட்டினேன். காதுகுத்து, கொடைக் கணக்கு. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எழுதாம விட்டிருப்ப" என்றார்.